விடுதி தேவையில்லை

அந்தக் கடிதம் ஒரு வியாழக்கிழமை மதியம் சென்னையிலிருந்து, எங்கள் இயக்குநரகத்திலிருந்து வந்தது. தேதியைப் பார்த்தால் பத்து நாள் பழசு. பதில் போய்ச் சேரவேண்டிய கெடுவோ அடுத்த புதன்கிழமை. நடுவில் இருந்த நாட்களைக் கடிதம் எங்கே தூங்கிக் கழித்தது என்று யாரும் கேட்கக்கூடாது. அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவே ஓர் அரசு பாலிடெக்னிக்கில் சிவில் பிரிவு விரிவுரையாளராக எனக்கு இருபது வருடம் ஆகிறது. மூச்சு விட நேரம் கொடுத்து வந்த கடிதம் ஒன்றைக்கூட நான் இதுவரை பார்த்ததில்லை.

ஆனால் விஷயம் நல்ல விஷயம். அரசு பாலிடெக்னிக்குகளில் மாணவிகளுக்கு விடுதி கட்ட நிதி ஒதுக்கப்போகிறார்கள். மூன்று நிபந்தனை போட்டிருந்தார்கள். இடம் கல்லூரியின் பெயரில் இருக்கவேண்டும். பொதுப்பணித்துறையின் மதிப்பீடு வேண்டும். ஐம்பது மாணவிகளாவது விடுதி கேட்கிறார்கள் என்று காட்டவேண்டும். இடத்துக்குக் குறைவே இல்லை, ஒர்க் ஷாப்புக்குப் பின்னால் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. மதிப்பீட்டுக்கு ஆள் அனுப்புவதாகப் பொதுப்பணித்துறையில் போனிலேயே சொல்லிவிட்டார்கள். மிச்சம் இருந்தது அந்த ஐம்பது பேர்தான். அந்த வேலையைக் கல்லூரி முதல்வர் என் தலையில் கட்டினார்.

முதல்வருக்கு ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தது. யாரையும் கடிந்து பேசாத மனிதர். கடிதத்தை மடித்துக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா, நம்ம பொண்ணுங்கள்ல எத்தனை பேரு பஸ்ஸுல வருதுங்க?"

"முக்கால்வாசி சார்."

"அப்ப அறுபதுன்னு போட்டு அனுப்பிடுங்க. ஃபாரமெல்லாம் அப்புறமா வாங்கி ஃபைல்ல வெச்சுக்கலாம்."

"வாங்காம எழுத மாட்டேன் சார்."

அவர் என்னைப் பார்த்தார். என் வாய்த்துடுக்கு அவருக்குப் புதிதல்ல. ஆனால் அன்று நான் சும்மா பேசவில்லை. எங்கள் வளாகத்தின் மேற்குக் கோடியில் ஒரு கட்டிடம் இருக்கிறது. எனக்கு முன்னால் இருந்தவர்கள், இல்லாத மாணவர்களை இருப்பதாக எழுதி, புதிய பாடப்பிரிவு வரும் என்று சொல்லி வாங்கிய கட்டிடம். பாடப்பிரிவு வரவேயில்லை. உடைந்த நாற்காலிகளும் வௌவால்களும் அங்கே சௌக்கியமாகக் குடியிருக்கின்றன. ஒவ்வொரு முறையும் ஆய்வுக் குழு வரும்போது அந்தப் பக்கம் கூட்டிப் போகாமல் அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்புவதே எங்களுக்கு ஒரு தனி வேலை. பொய்க் கணக்கில் வந்த கட்டிடம் இப்படித்தான் நிற்கும் என்பது என் தீர்மானம். விடுதி வந்தால் உண்மையான கணக்கில் வரட்டும் என்று வீம்பாக இருந்தேன்.

படிவத்தை நானே தயாரித்தேன். பத்து நிமிட வேலை. "எனது மகளுக்கு விடுதி வசதி தேவை" என்று ஒரு கட்டம், "தேவையில்லை" என்று ஒரு கட்டம், கீழே தந்தையின் கையெழுத்து. வெள்ளிக்கிழமை வகுப்பு வகுப்பாகப் போய்ப் பெண்பிள்ளைகளிடம் கொடுத்தேன். விடுதி எவ்வளவு நல்ல விஷயம் என்று விளக்கவெல்லாம் இல்லை. அது அவர்களுக்கே தெரியாதா என்ன? ஒன்று மட்டும் சொன்னேன்.

"அப்பா கையெழுத்து இல்லாம திங்கக்கிழமை ஒருத்தியும் கிளாஸுக்குள்ள வரக்கூடாது."

இதைச் சொன்ன வாயில் இப்போது நானே அடித்துக்கொள்ளலாம்.

சனிக்கிழமை பொதுப்பணித்துறைப் பொறியாளர் பைக்கில் வந்தார். கருவேல முள் சட்டையைக் கிழிக்க, டேப்பைப் பிடித்து அளந்தார். "மண்ணு நல்லா இருக்கு மேடம், ரெண்டடி தோண்டுனாலே கல்லு தட்டும்" என்றார். சுண்ணாம்புக்கல் பூமியில் அது ஒரு அதிசயமா? எனக்கு மனது நிறைந்திருந்தது. அந்த முள்காட்டில் நின்றுகொண்டு எந்தப் பக்கம் மாடிப்படி, எந்தப் பக்கம் சமையற்கட்டு என்று அவரோடு சண்டை போட்டேன்.

திங்கட்கிழமை எல்லாப் படிவங்களும் வந்து சேர்ந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை. ஆபீஸில் உட்கார்ந்து பிரித்துப் பிரித்து வைத்தேன். "தேவையில்லை" அடுக்கு உயர்ந்துகொண்டே போனது. "தேவை" அடுக்கில் பத்தொன்பது தாள்தான் விழுந்தது. மறுபடி எண்ணினேன். பத்தொன்பதேதான்.

பக்கத்து மேஜையில் இருந்த இளநிலை உதவியாளர் எட்டிப் பார்த்தார். "மேடம், நெறைய ஃபாரம் ஒரே ஊதா மையில இருக்கே, பாத்தீங்களா?"

"ஒரே கடையில பேனா வாங்கியிருப்பாங்க. வேலையைப் பாருங்க" என்றேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அந்தக் கோபத்தில் மையின் நிறம் எங்கே தெரியும்?

நேராக இரண்டாம் ஆண்டு வகுப்புக்குப் போனேன். "காலைல பஸ்ஸுல தொங்கிக்கிட்டு வர்றீங்க. முதல் பீரியட்ல தூங்குறீங்க. அரசாங்கமே ஹாஸ்டல் கட்டித் தரேங்குது, உங்க அப்பாமாருக்கு வேணாமாம். எதுக்குடி படிக்க வர்றீங்க?" என்று கரடியாகக் கத்தினேன். ஒருத்தியும் நிமிர்ந்து பார்க்கவில்லை. டெஸ்க்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்களில் ஒருத்தி வரதராஜன்பேட்டைக்கு அப்பால் ஒரு சிற்றூரிலிருந்து வருகிறவள். வகுப்பிலேயே தூரத்து ஊர் அவளுடையது. முந்திரித் தோப்புகளில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த அவள் அப்பா, இப்போது தானே தோப்பைக் குத்தகைக்கு எடுத்துச் செய்கிறார். நான் நடத்தும் டிராயிங் வகுப்பில் அவளை அடிக்க ஆள் கிடையாது. படத்துக்குக் கீழே எழுதும் ஆங்கில எழுத்துகளை லெட்டரிங் என்போம். அதில் அவள் கை அச்சடித்த மாதிரி இருக்கும். அவள் தாளை எடுத்து மற்றவர்களுக்குக் காட்டி, இப்படி எழுதுங்கள் என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அவளுடைய படிவத்திலும் "தேவையில்லை" என்றுதான் இருந்தது. உனக்குமாடி வேண்டாம் என்று கேட்டேன். ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

மறுநாள் பத்தொன்பது என்றே எழுதி முதல்வரிடம் வைத்தேன். அவர் சற்று நேரம் பேனாவைத் திறக்காமல் வைத்திருந்தார். பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டு, "நீங்க ரொம்ப நேர்மைம்மா" என்றார். அதை அவர் பாராட்டாகச் சொல்லவில்லை என்பது எனக்கு அன்று உறைக்கவில்லை. பெருமையாகத்தான் வெளியே வந்தேன்.

சில மாதம் கழித்துப் பட்டியல் வந்தது. விடுதி வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டது. எங்கள் கல்லூரியின் பெயருக்கு எதிரே, தேவை நிரூபிக்கப்படவில்லை என்று ஒரே வரி. முதல்வர் அதை என்னிடம் காட்டிவிட்டு டீ சொல்லி அனுப்பினார். நான் அந்தப் பெற்றோர்களை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். கேட்காத சனத்துக்கு யார் என்ன செய்ய முடியும் என்று ஸ்டாஃப் ரூமில் வாய் வலிக்கப் பேசினேன்.

அடுத்த வருடம் ஆகஸ்டில், மூன்றாம் ஆண்டு வகுப்பில் அந்த லெட்டரிங் பெண்ணின் இடம் காலியாக இருந்தது. முதலில் காய்ச்சல் என்று நினைத்தேன். இரண்டு வாரம் ஆயிற்று. போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கூட வருகிற பெண்களைக் கேட்டால், தெரியலை மேடம் என்று ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். இன்னும் இரண்டு செமஸ்டர்தான். முடித்தால் ஒரு வேலை நிச்சயம் என்று நான் நம்பிய பெண். சனிக்கிழமை காலை கிளம்பிவிட்டேன். அப்பாவைக் கேட்பதற்குக் கையில் ஆதாரம் இருக்கட்டும் என்று அந்தப் பழைய படிவத்தையும் ஃபைலிலிருந்து உருவிப் பையில் வைத்துக்கொண்டேன். சண்டைக்குப் போகிறவள் ஆயுதம் இல்லாமல் போவேனா?

அரியலூரில் பஸ் ஏறினேன். வழியெல்லாம் சிமெண்ட் ஆலைக்குப் போகும் லாரிகள் வரிசை கட்டி நின்றன. உடையார்பாளையம் தாண்டி ஜெயங்கொண்டத்தில் இறங்கி, வரதராஜன்பேட்டை வழியாகப் போகும் பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். இறங்கிய இடத்திலிருந்து முந்திரித் தோப்புக்கு நடுவே ஒன்றரை மைல் நடை. அவள் இதற்கு மேல் அரியலூரிலிருந்து கல்லூரிக்கும் ஒரு பஸ் ஏறவேண்டும். ஆக மூன்று பஸ். லீவு நாளில், உட்கார இடம் கிடைத்தும் எனக்கே மூன்று மணி நேரம் ஆனது. அவள் தினமும் ஒன்பதரை மணிக்கு டிராயிங் ஹாலில் ஸ்கேலோடு உட்கார்ந்திருப்பாள்.

வீட்டில் அவள் அப்பா இருந்தார். முந்திரிக்கொட்டை மூட்டைகளை நகர்த்தி எனக்கு நாற்காலி போட்டார்.

"வாங்க டீச்சரம்மா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே வந்திருப்பனே."

"பொண்ணை ஏன் அனுப்பலை?"

அவர் சுற்றி வளைக்கவில்லை. "ஒரே பஸ்ஸு, ஏறுனா காலேஜ் வாசல்ல எறங்கிடுவேன்னு சொல்லுச்சுங்க. ரெண்டு வருசமா நானும் நம்பிட்டு இருந்தேன். சேக்குறப்ப என் மச்சானோட பைக்குல வந்தவன்தான், எனக்கு அந்த ரூட்டு தெரியாது. லேட்டா வந்தா லேப்பு இருந்துச்சும்பா. போன மாசம் ராத்திரி எட்டு மணிக்கு ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டுல தனியா நிக்கிறதை மச்சான் பாத்துட்டு வூட்டுக்குக் கூட்டியாந்தாரு. அன்னைக்குத்தான் மூணு பஸ்ஸுன்னே எனக்குத் தெரியுது. வயசுப் பொண்ணு, ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? போதும்னு நிறுத்திட்டேன்."

எனக்குக் கோபம் ஏறியது. "இவ்வளவு பேசுறீங்களே, ஹாஸ்டல் வேணுமான்னு கேட்டு உங்களுக்கு ஃபாரம் அனுப்பினேன்ல? தேவையில்லைன்னு டிக் பண்ணிக் கையெழுத்துப் போட்டது நீங்கதானே?" என்று படிவத்தை எடுத்து அவர் கையில் திணித்தேன்.

அவர் அதைத் தள்ளிப் பிடித்து மெதுவாகப் படித்தார்.

"இது என் கையெழுத்து இல்லீங்க. நான் தமிழ்லதான் போடுவேன்."

உள்ளே கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. அவர் கூப்பிட்டார். அவள் வந்து நின்றாள். அப்பா கையில் இருந்த தாளைப் பார்த்ததும் அழ ஆரம்பித்தாள்.

"ஹாஸ்டல்னு இந்தப் பேப்பரை நீட்டுனா, தங்கிப் படிக்கிற அளவுக்கு அவ்ளோ தூரமான்னு கேப்பாங்க மேடம். மூணு பஸ்ஸுன்னு தெரிஞ்சா அன்னைக்கே நிறுத்திடுவாங்கன்னு பயந்துட்டேன். நான் மட்டும் இல்ல மேடம், தூரத்துலேர்ந்து வர்ற நாங்க எல்லாரும் வூட்டுல ஒரே பஸ்ஸுன்னுதான் சொல்லியிருக்கோம். கையெழுத்து இல்லாம உள்ள விட மாட்டீங்கன்னு... திங்கக்கிழமை காலைல டிராயிங் ஹால்ல உக்காந்து எங்க ஃபாரத்துக்கெல்லாம் நாங்களே போட்டோம். நெறைய பேருக்கு நான்தான் போட்டேன். என் கை நல்லா இருக்கும்னு."

படிவத்தை வாங்கிப் பார்த்தேன். ஊதா மையில் ஆங்கிலத்தில் அவள் அப்பாவின் பெயர். ஒரே சாய்வு, ஒரே உயரம், எழுத்துக்கு எழுத்து ஒரே இடைவெளி. நான் சொல்லிக்கொடுத்த லெட்டரிங். வாரம் முழுக்க அந்தக் கையைத் திருத்தி மதிப்பெண் போடுகிறவள் நான். அந்த அடுக்கில் அதே கை எத்தனை முறை என் முன்னால் வந்ததோ, ஒருமுறைகூட எனக்கு அடையாளம் தெரியவில்லை.

அவள் அப்பா அவளைத் திட்டவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார். "காலேஜ் கேட்டுக்குள்ளயேவா ஹாஸ்டலு?"

"ஆமாங்க."

"அப்படின்னா நான் ஏங்க வேணாங்கப் போறேன்? தாராளமா விட்டிருப்பேன். இப்ப விடுறேன், எப்ப வருது அது?"

"அது வேற ஊருக்குப் போயிடுச்சுங்க."

"ஏன்?"

"போதுமான பேர் கேக்கலை."

அவர் மறுபடி அந்தத் தாளைப் பார்த்தார். பிறகு நாலாக மடித்து என்னிடம் கொடுத்தார்.

என் வீட்டில் தங்கட்டும் என்று சொல்லிப் பார்த்தேன். அது சரிவராதுங்க, எத்தனை நாளைக்கு நீங்க பாப்பீங்க என்றார். அரியலூரில் நலத்துறை விடுதிக்கு அலைந்தேன். அந்த வருடத்துச் சேர்க்கை முடிந்திருந்தது. அவள் வரவில்லை. செமஸ்டர் தேர்வுக்கு அவள் பெயர் போகவில்லை. படிப்பை விட்டவர்கள் திரும்பச் சேர ஒரு கால வரம்பு உண்டு. அதற்குள் ஒரு விடுதி வந்துவிட்டால் அவளைத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம் என்று அதை ஒன்றையே பிடித்துக்கொண்டேன்.

முதல்வரிடம் நடந்ததைச் சொன்னேன். அறுபதுன்னு போடச் சொன்னேனே என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "திரும்பக் கேப்பாங்கம்மா. அப்ப பாத்துக்கலாம்" என்றார். அந்த மே மாதம் ஓய்வு பெற்றுப் போனார்.

திரும்பக் கேட்டார்கள். அடுத்த வருடம் அதே திட்டத்துக்குப் புதுக் கடிதம் வந்தது. வழக்கம்போலக் கெடு ஒரு வாரம். இந்த முறை பெண்பிள்ளைகள் கையில் ஒரு தாளும் கொடுக்கவில்லை. நானும் இன்னும் இரண்டு மேடங்களும் ஊர்களைப் பங்கு போட்டுக்கொண்டு பஸ் ஏறினோம். வீடு வீடாகப் போய் அப்பா அம்மா இருக்கிற நேரம் பார்த்து உட்கார்ந்தோம். எல்லா வீட்டிலும் ஒரே பஸ் கதைதான். ரெட்டிபாளையம் பக்கம் சிமெண்ட் ஆலையில் ஷிஃப்ட்டுக்குப் போகிற ஒருவர், "நான் வூட்டுல இருக்கிறப்ப அவ இருக்க மாட்டா, அவ இருக்கிறப்ப நான் இருக்க மாட்டேன். அவ எத்தனை மணிக்கு வரான்னே எனக்குத் தெரியாதுங்க, எங்க போடணும் சொல்லுங்க" என்று பேனாவைப் பிடுங்கினார். இரண்டு வீட்டில் பெண்ணுக்கு அடி விழுந்திருக்கும், கூட இருந்து தடுத்தோம். ஐந்து நாளில் ஐம்பது தாண்டிவிட்டது.

போதுமான அளவு கையில் இருந்தும், கடைசி நாள் நான் வரதராஜன்பேட்டை பஸ் ஏறினேன். அவள் அப்பா படிவத்தை முழுக்கப் படித்தார். "தேவை" என்ற கட்டத்தில் அழுத்தி டிக் அடித்து, தமிழில் ஒவ்வோர் எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். படிப்பை விட்ட பெண் அவள். விதிப்படி அந்தப் பட்டியலில் அவள் பெயர் இருக்கக்கூடாது. பொய்க் கணக்கு எழுத மாட்டேன் என்று முறைத்துக்கொண்டு நின்றவள் நான். அவள் பெயரை முதல் பெயராக எழுதி அனுப்பினேன்.

விடுதி கிடைத்தது. கிடைத்தது என்றால் காகிதத்தில். அரசாங்கப் பணம் தவணை தவணையாகத்தான் வரும். முதல் தவணையில் கருவேலம் வெட்டி அஸ்திவாரம் தோண்டினார்கள். பொறியாளர் சொன்ன மாதிரியே இரண்டடியில் கல் தட்டியது. கல்லாய்ப்போன சிப்பிகள் வந்தன, கொத்தனார் எடுத்து ஓரமாக வீசினார். முதல் தவணையைச் செலவழித்த சான்று போனால்தான் இரண்டாம் தவணை. சான்று போனது, அதில் ஒரு கேள்வி வந்தது, பதில் போனது, அதற்கொரு கேள்வி வந்தது. தளம் போடாமல் தூண்கள் மட்டும் இரண்டு மழைக்காலம் நின்றன. நான் தினமும் போய் அந்தத் தூண்களைப் பார்த்துவிட்டு வருவேன். அவை நின்றுகொண்டிருக்கும்போதே அவள் திரும்பச் சேர்வதற்கான கால வரம்பு முடிந்துபோனது. விதிவிலக்குக் கேட்டு நானே ஒரு கடிதம் எழுதினேன். இயலாது என்று பதில் வந்தது. அந்தப் பதில் மட்டும் நாலே நாளில் வந்துவிட்டது.

போன ஜூனில் விடுதி திறந்தது. முதல் நாள் சேர்க்கை மேஜையில் நான் இருந்தேன். அவள் அப்பா சின்ன மகளோடு வந்தார். நான் முதன்முதலில் அந்த வீட்டுக்குப் போனபோது ஏழாவது படித்துக்கொண்டிருந்தவள், பத்தாவது முடித்து எங்களிடமே சிவிலில் சேர்ந்திருந்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்காவும் வந்திருந்தாள். வரதராஜன்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாளாம். கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது அவள்தானாம். தங்கையின் விடுதிப் படிவத்தையும் அவளே பூர்த்தி செய்தாள். அதே கை. கையெழுத்து இடத்துக்கு வந்ததும் பேனாவை அப்பாவிடம் நீட்டினாள். அவர் தமிழில் போட்டார்.

தங்கையின் அறையைக் காட்டக் கூட்டிப் போனேன். தங்கை ஜன்னலைத் திறந்து பார்த்தாள், கட்டிலில் உட்கார்ந்து பார்த்தாள். அக்கா பெட்டியை வைத்துவிட்டு நேராகச் சுவரிடம் போனாள். ஜன்னலுக்கு மேலே பூச்சில் மயிரிழையாக ஓடிய விரிசலை விரலால் தடவினாள்.

"பூச்சுக்குத் தண்ணி சரியா ஊத்தலை மேடம். ஏழு நாள் ஊத்தியிருக்கணும்" என்றாள்.

அது இரண்டாம் ஆண்டுப் பாடம். நான்தான் நடத்தினேன். ஆமாம் என்று சொன்னேன்.